ஐந்து மில்லி

தண்ணீருக்குத்தான் முதலில் மதிப்பெண் போடுவேன்.
தொழில் அப்படி. தவீலாவில்
கடலை நன்னீராக்கும் ஆலை, பரிசோதனைக்கூடம்.
வாரமெல்லாம் குழாய் குழாயாய் உப்பை அளந்துவிட்டு
சனிக்கிழமை மாலை ரீம் தீவில்
புதிதாய்த் திறந்த ப்ரூவரியில் போய் உட்கார்ந்தால்
பலகையில் குழி வெட்டி நிறுத்திய
ஆறு சின்னக் குவளைகள்.
ஆறிலும் முக்கால்வாசி நான் அனுப்பிவைத்ததுதான்.

லான்சி மத்தியாஸ், மங்களூர்க்காரர்,
எஃகுக் கலங்களுக்கு நடுவே
பந்திக்குச் சமைப்பவர் போல வேர்த்து நிற்கிறார்.
எப்படி என்கிறார்.
கால்சியம் குறைச்சல் என்கிறேன்.
மேசையே சிரிக்கிறது.
அவர் மட்டும் சட்டைப் பையில் பென்சில் தேடுகிறார்.

மாம்பழம் என்கிறார் ஒருவர், பைன் மரம் என்கிறார் ஒருவர்,
ஈரமான குதிரைப் போர்வை என்று இன்னொருவர்.
நான் குதிரைக்குப் போர்வை போர்த்திப் பார்த்ததில்லை.
எனக்கு அது மழையில் நனைந்த சாக்கு.
மூன்றாவது, கருப்பு எலுமிச்சை போட்டது
(மீனா பஜாரில் கூழாங்கல் போல மூட்டையில் கிடக்குமே),
நாக்கின் ஓரங்களை மெல்லப் பிடித்து இழுக்கிறது.
துவர்ப்பு.
அவர்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
கசப்புக்கு ஐந்து, புளிப்புக்கு ஐந்து.
விளிம்பில் தமிழிலேயே எழுதினேன்:
நெல்லிக்காய் தின்று, இன்னும் தண்ணீர் குடிக்காத வாய்.

அடுத்த மாதத் தாளில் ஒரு வரி கூடியிருந்தது.
ஐந்து கட்டம். தலைப்பு இல்லை.

முரூர் சாலை, ஏழாம் மாடி,
நானும் பியூலாவும்.
நர்ஸ். நாசரேத்காரி. சர்ச்சில் எப்போதும் இரண்டாம் வரிசை.
குடிப்பவர்கள் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு,
தினமும் சொல்ல மாட்டாள், வாரம் ஒருமுறை.
ஆனால் இந்த வீட்டில் ஆகஸ்டிலும்
இருபது டிகிரி தாண்டாத ஒரே இடம்
அவள் கட்டிலுக்கு அடி.
கெஞ்சினேன்.
கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஊறும் திராட்சை ஜாடி
ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.
அதில் என்ன ஊற்றினாய் என்று நான் கேட்கவில்லை.
உடன்படிக்கை அப்படி ஆனது.

இன்றைக்குப் பதினொரு பாட்டில்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் வார்டு லேபிள்:
பெயர், தேதி, எடுத்த நேரம்.
மாதிரி வகை என்ற இடத்தில்
முத்து முத்தான கையெழுத்தில்
‘தெரியாது.’

ஒரு ஜூலையில் ஏ.சி. செத்தது.
நான் இரவுப் பணி. திரும்பி வந்தால்
பாட்டில்களைச் சுற்றி ஈரத்துண்டுகள்,
சுவரில் காய்ச்சல் சார்ட் போல ஒரு காகிதம்:
இருபத்தெட்டு. இருபத்தொன்பது. இருபத்தொன்பது. இருபத்தேழு.
நான்கு மணிக்கு எதிரே எதுவும் இல்லை,
தூங்கியிருக்கிறாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

நேற்று, இருப்பதில் மூத்ததைத் திறந்தேன்.
மூன்று வருடம் நாலு நாள்.
இதன் ஜோடியை வாங்கிய அன்றே குடித்திருந்தேன்,
தொண்டையில் நகம் வைத்த கசப்பு.
இப்போது அது
கூட்டமான பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் போல
கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது.
ஓரத்தில் கொஞ்சம் பழைய காகித வாசனை.
அந்த நான்கு மணியாக இருக்கும்.

‘கருப்பட்டி’ என்றாள் பியூலா, கதவருகில் நின்று,
யாரும் கேட்காமலே.
போனாள். இருமல் மருந்து அளக்கும் மூடியோடு வந்தாள்.
ஐந்து மில்லிக் கோடு வரை.
கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்,
கோட்டுக்கு மேலிருந்த இரண்டு சொட்டை
என் குவளைக்கே திருப்பிவிட்டாள்.
குடித்தாள்.
முகத்தில் ஒன்றுமில்லை,
நோயாளியின் எதிரில் ரிப்போர்ட் வாசிக்கும் முகம்.

மூடியைக் கழுவிக் கவிழ்த்தாள்.
பேனா எடுத்தாள்.
பாட்டிலைத் தன் பக்கம் திருப்பி
‘தெரியாது’ என்பதை ஒரே கோட்டில் அடித்தாள்.
வேறெதுவும் எழுதவில்லை.